சரக்குவக் கரையில் ஒரு காலைப் பொழுது

நீர்கொழும்பு பெரியமுல்லையில் சாச்சியின் மகளுக்குக் கல்யாணம் என்று அழைப்பு வந்தபோது, பொத்துவிலிலிருந்து பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய் வருவதா என்று முதலில் தயங்கினேன். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் கொழும்பு. அங்கிருந்து நீர்கொழும்புக்கு இன்னொரு பஸ். என் இளைய மகனுக்கோ பஸ் என்றாலே வயிற்றைப் புரட்டும். ஆனால் சாச்சி ரெலிபோனில் அழுதுவிட்டார். "உம்மா மௌத்தான பொறகு நீங்க யாரும் இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கல்லியே மகள்" என்றார். அதற்குமேல் மறுப்பது எப்படி?

கல்யாண வீட்டைப் பற்றி எழுத நான் இங்கு வரவில்லை. வந்தவர்களுக்குக் குறைவில்லாமல் உபசரித்தார்கள், மணமக்கள் நல்லபடி இருக்கட்டும் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாம் நாள் காலை, வீட்டில் சட்டி பானை கழுவும் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு, "கப்பல் எரிந்த கரையைப் பார்க்கவேண்டும்" என்று நான் கேட்டதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாச்சியின் மூத்த மகனுக்கு ஆச்சரியம். "கடல் பார்க்கிறதென்டால் ஒங்கட ஊர்க் கடலுக்கு என்ன குறை? வெள்ளைக்காரனெல்லாம் அறுகம்பைக்குத் தேடி வாறான். நீங்க இங்க வந்து சரக்குவக்குப் போகணும்கிறீங்க" என்று சிரித்தார். ஆனாலும் தன் முச்சக்கர வண்டியை வெளியே எடுத்துவிட்டார். சாச்சியும் வந்து ஏறிக்கொண்டார்.

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி எங்கள் பக்கத்துக் கடலில் ஒரு கப்பல் தீப்பிடித்தது. 'நியூ டயமண்ட்' என்பது அதன் பெயர். குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயைக் கொண்டுபோனது. சங்கமன்கண்டிக்கு நேரே ஆழ்கடலில் போகும்போது இயந்திர அறையில் வெடிப்பு ஏற்பட்டு, பிலிப்பைன்ஸ் நாட்டு ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். கரையில் நின்று பார்த்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடல் வழமைபோலத்தான் இருந்தது. ஆனால் வானொலியில் அந்த எண்ணெயின் கணக்கைக் கேட்டபோது ஊரே வாயடைத்துப் போனது. என் நானா மீன் வியாபாரி. அன்றிரவு அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "இது கரைக்கு வந்திச்செண்டா திருக்கோவிலிலிருந்து பாணமை வரைக்கும் ஒருத்தனுக்கும் தொழில் இல்ல" என்றார். கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தன. எண்ணெய்த் தாங்கிகளில் தீ பரவவில்லை. கப்பல் ஓடுவதற்கு வைத்திருந்த எரிபொருள் மட்டும் கொஞ்சம் கசிந்தது. கப்பலின் கப்டன் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி 20 இலட்சம் ரூபா தண்டம் கட்டினார். நாங்கள் தப்பினோம்.

அடுத்த வருடம் தப்பாதவர்கள் நீர்கொழும்புக் கரையில் இருந்தவர்கள். அதனால்தான் அந்தக் கரையைப் பார்க்க எனக்கு மனம் வந்தது.

நீர்கொழும்பு நகரத்தைக் கடந்து, களப்பு கடலோடு சேரும் இடத்திலுள்ள பாலத்தால் பிட்டிபனைப் பக்கம் போனோம். பாலத்துக்கு அருகில்தான் 'லெல்லம' என்று எல்லோரும் சொல்லும் மீன் சந்தை. அதற்கப்பால் மணலில் தும்புப் பாய்களை விரித்து, வயிறு பிளந்த மீன்களை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். காகத்தை விரட்டிக்கொண்டு நிற்பவர்களில் அநேகர் பெண்கள். கருவாட்டு வாடைக்கு மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கென்றால் ஊருக்கு வந்தது போல இருந்தது.

பிறகு தெற்கு நோக்கி ஒரே பாதை. வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் முதலில் களப்பு, அப்புறம் முத்துராஜவெலச் சதுப்பு நிலமும் ஹமில்டன் கால்வாயும். இரண்டு தண்ணீருக்கும் நடுவே ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் தரையில் வீடுகளும் தேவாலயங்களும் மீன் வாடிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கத்தோலிக்க மக்கள் நிறைந்த பகுதி. சிங்களம்தான் கூடுதலாகக் கேட்கிறது. வயதானவர்களில் சிலர் தமிழும் நன்றாகப் பேசுகிறார்கள். தலாஹேன தாண்டி பமுனுகமைக்கு வந்து, ஒரு சின்ன ஒழுங்கையால் இறங்கினால் சரக்குவக் கடற்கரை.

அழகான கரைதான். தாழை மரங்கள், இழுத்துப் போட்ட படகுகள், நல்ல காற்று. ஒரு பிழையும் கண்ணுக்குத் தெரியவில்லை. "இதைப் பார்க்கத்தானா இவ்வளவு தூரம்?" என்று என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். சாச்சியின் மகன் ஒன்றும் பேசாமல் அலை வந்து போகும் கோட்டுக்குச் சற்று மேலே குந்தி, கையால் மணலை ஒரு சாண் தோண்டி அள்ளினார். ஊதி ஊதி மணலைப் பறக்கவிட்டார். அவருடைய உள்ளங்கையில் ஆறேழு வெள்ளை மணிகள் மிஞ்சின. பருப்பின் அளவு. ஒன்றிரண்டு மஞ்சளித்திருந்தன. ஒன்று கருகிப்போய்க் கூழாங்கல்லைப் போல இருந்தது.

"இத எடுத்து வாயில போட்டுடாதே" என்று சாச்சி என் மகனை அதட்டினார். ஜவ்வரிசி என்று நினைத்தால் தவறில்லை, அப்படித்தான் இருந்தது.

சகோதரிகளே, எங்கள் வீட்டு வாளி, பேசின், பொலித்தீன் பை, லஞ்ச் ஷீட் எல்லாம் இந்த மணிகளிலிருந்துதான் பிறக்கின்றன. எண்ணெயிலிருந்து தயாரித்த பிளாஸ்டிக்கை இப்படி மணி மணியாக்கி, மூட்டை மூட்டையாகக் கட்டி, கொள்கலன்களில் ஏற்றி உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த தொழிற்சாலையில் உருக்கி வேண்டிய உருவத்தில் வார்க்கிறார்கள். 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கப்பலில் அப்படிச் சுமார் 1,680 தொன் மணிகள் இருந்தன. கடலில் இவ்வளவு தொகை பிளாஸ்டிக் மணி ஒரே விபத்தில் கொட்டியதாக இதற்கு முன் பதிவு இல்லை என்று ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் அறிக்கை எழுதினார்கள்.

அந்தக் கப்பல் கிழடு தட்டிய கப்பல் அல்ல. 2021 பெப்ரவரியில்தான் கட்டி முடித்துக் கொடுத்தார்கள். சிங்கப்பூர்க் கொடி. நீளம் 186 மீற்றர். அந்தப் பயணத்தில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும், கோஸ்டிக் சோடா, மெதனோல் போன்ற வேறு இரசாயனங்களும் இருந்தன. டுபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் ஏற்றிய அமிலக் கொள்கலன் ஒன்று வழியில் ஒழுகத் தொடங்கியதை மே 11ஆம் திகதியளவில் கப்பலில் இருந்தவர்கள் கண்டார்கள். கட்டாரின் ஹமாத் துறைமுகத்தில் அதை இறக்கித் தரும்படி கேட்டார்கள், முடியாது என்றார்கள். இந்தியாவின் ஹசிரா துறைமுகத்திலும் அதே பதில். அந்த வேலைக்கு வசதி இல்லை, ஆளில்லை என்பது காரணம். ஒழுகும் பெட்டியைச் சுமந்துகொண்டே கப்பல் கொழும்புக்கு வந்து, மே 19ஆம் திகதி இரவு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. மறுநாள் தீ.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வருகிறது. 2002 நவம்பரில் ஸ்பெயின் நாட்டுக் கரைக்கு அப்பால் 'பிரெஸ்டீஜ்' என்ற எண்ணெய்க் கப்பலில் வெடிப்பு ஏற்பட்டபோது, அதற்கு எந்த நாடும் துறைமுகத்தைத் திறந்துவிடவில்லை. எங்கள் கரையில் வேண்டாம், அப்பால் போ என்று ஆழ்கடலுக்கு இழுத்துப் போனார்கள். ஆறு நாள் அலைந்து, இரண்டாகப் பிளந்து மூழ்கியது. 60 ஆயிரம் தொன்னுக்கும் அதிகமான எண்ணெய் கொட்டி, ஸ்பெயினோடு நிற்காமல் பிரான்ஸ் கரைவரைக்கும் போனது. அதற்குப் பிறகுதான், ஆபத்திலிருக்கும் கப்பலுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது பற்றி ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2003இல் வழிகாட்டி எழுதியது. வழிகாட்டிதான், கட்டாயமில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் தீப் பற்றினால் நம் கதவைச் சாத்திக்கொள்வதா, தண்ணீர் வாளியோடு ஓடுவதா என்பது எந்தக் குமர்ப்பிள்ளைக்கும் தெரியும். நாடுகளுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

அந்தத் தீயைப் பற்றி சாச்சி சொன்னார். கொரோனாவுக்காக நாடு முழுவதும் பயணத்தடை போட்டிருந்த நாட்கள். வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது. மே 25ஆம் திகதி கப்பலில் பெரிய வெடிப்பு. 25 ஊழியர்களையும் இறக்கிவிட்டார்கள். தென்மேல் பருவக்காற்று வீசிக்கொண்டிருந்ததால் தீயை அடக்க முடியவில்லை. "மொட்டை மாடியில ஏறினா கரும்புகை தெரியும். அமில மழை பெய்யும், வெளியே உடுப்புக் காயப்போட வாணாம் எண்டு சென்னாங்க. நாங்க உடுப்பெல்லாம் உள்ளுக்க காயப்போட்டோம். பொறகு இந்தக் கரை பூரா வெள்ளை. மணலே தெரியல்ல மகள்." ஜூன் 2ஆம் திகதி கப்பலை ஆழ்கடலுக்கு இழுக்கப் பார்த்தபோது அதன் பின்பக்கம் சுமார் 21 மீற்றர் ஆழத்தில் தரை தட்டியது. ஜூன் 17ஆம் திகதி முழுவதும் மூழ்கியது. நீர்கொழும்பிலிருந்து களுத்துறைப் பக்கம் வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர் நீளமான கரையில் மீன்பிடி தடை. இறந்த ஆமைகள் வாரக்கணக்கில் கரை ஒதுங்கின; டொல்பின்களும் ஒதுங்கின.

மீன் கிடைத்த இடங்களிலும் வாங்க ஆளில்லை. "விஷ மீன்" என்று ஊரெல்லாம் பேச்சு. நாங்களும் பொத்துவிலில் அப்படிப் பேசியவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து வரும் மீனை யாரும் எடுக்கவேண்டாம் என்று என் வாயாலேயே அக்கம்பக்கத்துக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் யாருடைய சோற்றுக் கோப்பையில் மண் போட்டது என்று சரக்குவக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

கரையில் ஒரு சிறிய கொட்டில். அதன் நிழலில் அறுபது வயதிருக்கும் ஒரு பெண் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சாச்சிக்கு அவர் பழக்கம். பல வருடமாக அவரிடம்தான் கட்டாக் கருவாடு வாங்குகிறாராம். நல்ல தமிழில், இடையிடையே சிங்களம் கலந்து பேசினார். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை, அக்கா என்றே சொல்கிறேன்.

மணிகள் வந்த நாட்களில் கடற்படையினர் மேலங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு மண்வெட்டியால் அள்ளினார்களாம். பெரிய குவியல்கள் போன பிறகு, மணலுக்குள் புதைந்ததை எடுக்க அரிதட்டுத்தான். அதற்குக் கரையோரத்துப் பெண்களை நாட்சம்பளத்துக்குச் சேர்த்தார்கள். அக்காவும் போனார். மணலை அள்ளி அரித்து, மிஞ்சியதைத் தண்ணீரில் கொட்டினால் மணல் கீழே போகும், மணி மிதக்கும், அதை வழித்தெடுப்பார்கள். நாங்கள் அரிசியில் கல் அரிப்பதன் மறுபக்கம். "ஒரு நாளைக்குக் குனிஞ்சா ரெண்டு நாளைக்கு இடுப்பு நிமிராது தங்கச்சி. நாம அரிச்ச இடத்தில அடுத்த நாள் கடல் திரும்பவும் கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார். எரிந்த கட்டிகளைப் பிரிப்பதுதான் கஷ்டமாம். கல் எது, பிளாஸ்டிக் எது என்று கையால் தட்டிப் பார்த்தாலும் தெரியாது. எங்கள் நாட்டுக் கடலாய்வாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்க விஞ்ஞானிகளும் அந்தக் கருகிய துண்டுகளைப் பரிசோதித்து, எரியாத மணியை விட மூன்று மடங்கு சிக்கலான இரசாயனக் கலவை அவற்றில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதைக் கையுறையில்லாமலும் பொறுக்கியதாக அக்கா சொன்னார்.

"நஷ்டஈடு கிடைத்ததா அக்கா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய்க் கொட்டிலின் மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு பைல். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம், கையால் எழுதிய ஒரு முறைப்பாடு, அதன் மேல் யாரோ வைத்த தேய்ந்த முத்திரை. படகு வைத்திருந்தவர்களுக்கும் படகில் போனவர்களுக்கும் காசு வந்தது. அக்காவின் கணவர் உயிரோடு இல்லை. படகு இல்லை. கருவாடு காயவைப்பது மட்டுந்தான் தொழில். அவர் போன அலுவலகத்தில், "உங்கள் பதிவு இலக்கம் என்ன?" என்று கேட்டார்களாம். "படகுக்கு நம்பர் இருக்கு, வள்ளத்துக்கு நம்பர் இருக்கு. எனக்கு எங்க நம்பர்? பாய்க்கு நம்பர் அடிச்சித் தாங்க எண்டு கேட்டேன். பேசினாங்க" என்று சிரித்தார். சாச்சி சிரிக்கவில்லை.

அங்கேதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கடலில் எரிந்த கப்பலின் எண்ணெய் கரைக்கு வந்திருந்தால், இப்படியொரு பெண்ணுக்குக் கேட்பதற்கு ஒரு வாசல் இருந்திருக்கும்.

அது எப்படி என்று சொல்கிறேன். 1967இல் 'டொரி கன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கோர்ன்வால் கரைக்கு அருகே பாறையில் மோதியது. ஒரு இலட்சம் தொன்னுக்கும் கூடுதலான எண்ணெய் கடலில். யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று அன்று எந்தச் சட்டத்திலும் ஒழுங்கு இல்லை. அந்த அதிர்ச்சியில்தான் 1969இல் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். எண்ணெய்க் கப்பலின் சொந்தக்காரர், குற்றம் யாருடையது என்று வாதாடாமலே ஓர் அளவு வரை நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்குக் காப்புறுதியும் வைத்திருக்க வேண்டும். அது போதாவிட்டால் கொடுப்பதற்கு 1971இல் ஒரு பொது நிதியம். 1992இல் இரண்டையும் திருத்திப் பெரிதாக்கினார்கள். அந்த நிதியத்துக்குக் காசு போடுபவர்கள் எண்ணெயைக் கடல்வழியாக வரவழைக்கும் கொம்பனிகள்: வருடத்துக்கு 150,000 தொன்னுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கொம்பனியும் தன் பங்கைப் போட வேண்டும். எங்கள் ஊர்ச் சீட்டுப் போலத்தான். எல்லோரும் கட்டுகிறார்கள், அடிபட்டவர் எடுக்கிறார். இலங்கையும் அதில் அங்கத்துவ நாடு. படகுக்காரர் மட்டுமல்ல, மீனை விற்பவர், பதப்படுத்துபவர், கரையோர ஹோட்டல்காரர் எல்லோரும், தங்கள் நஷ்டம் அந்த எண்ணெயால்தான் வந்தது என்று காட்டினால் கேட்கலாம். பில்லும் புத்தகமும் இல்லாத சிறு தொழிலாளர் என்பதற்காக மட்டும் அவர்களைத் தள்ளிவிடுவதில்லை. நஷ்டம் ஏற்பட்டு மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி.

ஆனால் இதெல்லாம் எண்ணெய்க் கப்பல் கொண்டுபோகும் எண்ணெய்க்கு. எக்ஸ்பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பல். கொட்டியது பிளாஸ்டிக். இரசாயனங்களுக்கும் ஆபத்தான பொருட்களுக்கும் இதேபோல ஒரு நிதியம் அமைக்க 1996இல் உடன்படிக்கை எழுதி 2010இல் திருத்தினார்கள். 2021இல் அந்தக் கப்பல் எரிந்தபோது அது இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும், பிளாஸ்டிக் மணியை அன்று ஆபத்தான பொருள் என்று யாரும் பட்டியலிட்டிருக்கவில்லை. வெடிக்காது, மணக்காது. ஆகவே சாதாரண சரக்கு.

ஆகவே நாடு வழக்குப் பேச வேண்டியதாயிற்று. கப்பலின் காப்புறுதிக்காரர்கள் 2021 ஜூலையில் இடைக்கால நஷ்டஈடாக 36 இலட்சம் டொலர் அனுப்பினார்கள். மீனவர்களுக்குப் பங்கிட்டது அப்படி வந்த பணம்தான். கப்பல்காரர்கள் இலண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கப்பலின் கொள்ளளவுக்கு ஏற்ப ஓர் எல்லை வரைதான் சொந்தக்காரர் கொடுக்க வேண்டும் என்று கப்பல் சட்டத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. மரக்கலத்தில் பயணம் போன காலத்தில், ஒரு விபத்தோடு வியாபாரி நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று ஏற்படுத்திய பாதுகாப்பு அது. அந்தக் கணக்கின்படி எல்லை ஏறக்குறைய 19 மில்லியன் பவுண் என்று 2023 ஜூலையில் இலண்டனில் தீர்மானித்தார்கள். இலங்கை நிபுணர்கள் போட்ட கணக்கோ 640 கோடி டொலர். இலங்கை அரசாங்கம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

அதற்கிடையில் சுற்றாடல் அமைப்பினரும் கொழும்புப் பேராயரும் மீனவர்களும் எங்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் போட்டிருந்தார்கள். 2025 ஜூலை 24ஆம் திகதி ஐந்து நீதியரசர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். முந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் தீர்ப்பு. கப்பலின் நிலைமையைப் பற்றி உரிய நேரத்தில் உண்மையைச் சொல்லவில்லை என்று கப்பல்காரர்களைக் குற்றங்கண்டார்கள். எங்கள் பக்க அதிகாரத்தில் இருந்தவர்களையும் விட்டு வைக்கவில்லை. 100 கோடி டொலர் கட்ட வேண்டும். முதல் தவணையாக 25 கோடி டொலர் செப்டெம்பர் 23ஆம் திகதிக்கு முன். நஷ்டமடைந்தவர்கள் யார் யார் என்று பார்க்க ஒரு ஆணைக்குழுவும் அமைக்கச் சொன்னார்கள். கப்பல் கொம்பனியின் தலைவர் அந்த செப்டெம்பரிலேயே, அந்தத் தொகையைக் கட்டப் போவதில்லை என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றுக்குச் சொல்லிவிட்டார். கப்பலை அகற்றுவதற்கும் துப்புரவுக்கும் மீனவர்களுக்குமாக ஏற்கனவே 17 கோடி டொலர் செலவழித்துவிட்டோம், எல்லை தெரியாத பொறுப்பை ஏற்க முடியாது என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

இதையெல்லாம் நான் மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டி அக்காவுக்குச் சொன்னேன். நூறு கோடி டொலர் என்று கேட்டதும் அவர் வியப்படையவில்லை. "அது கொழும்புக்கு வரும்" என்றார், அவ்வளவுதான். ஆணைக்குழு என்ற சொல்லைத்தான் இரண்டு தடவை கேட்டார். அதற்குள் தன்னுடைய பெயரும் போகுமா என்பது அவர் கவலை.

தன் தொழிலுக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது என்று அவரே யோசிக்கத் தொடங்கினார். உப்பு வாங்கிய துண்டுகள் ஒன்றும் இல்லை. ஆனால் மொத்தமாக எடுக்கும் பெரியமுல்லைக் கடைக்காரர் ஒருவர் கணக்குக் கொப்பி வைத்திருக்கிறார். சாச்சி உடனே, "அந்தக் கடை எங்கட மச்சானுடையதுதானே! 2020, 2021 கொப்பி கிடந்தா நான் போட்டோ பிரதி எடுத்துத் தாறன்" என்றார். எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. பொத்துவிலில் என் நானாவின் வியாபாரத்துக்கே ஒழுங்கான கொப்பி கிடையாது. சிகரெட் பெட்டியின் உள்தாளில் எழுதி, மாதம் முடியக் கிழித்தெறிவார். இடியப்பம் விற்கும் எங்கள் அயல்வீட்டுத் தாத்தாவுக்கு அதுவும் இல்லை. மீன் வராத நாளில் இடியப்பமும் விற்காது என்பது ஊருக்குத் தெரியும், பைலுக்குத் தெரியாது. இந்தப் பயணத்திலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், நானாவின் மனைவியிடம் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்தது. மதினி இப்போது ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு அன்றைய விற்பனையைத் திகதி போட்டு எழுதுகிறார். நானாவுக்கு அதில் எரிச்சல்தான், இருக்கட்டும்.

தடுப்பது பற்றியும் ஏதோ நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மணிகளை நல்ல மூட்டைகளில் கட்ட வேண்டும், என்ன சரக்கு என்று கடதாசியில் தெளிவாக எழுத வேண்டும், கப்பலின் மேல்தட்டு ஓரத்தில் அடுக்காமல் உள்ளே அல்லது பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2024 மார்ச்சில் சிபாரிசு வெளியிட்டது. ஒழுகும் அமிலப் பெட்டியைப் பற்றி அது பேசாது, அதுவும் சிபாரிசுதான். அதற்கு அடுத்த வருடம், 2025 மே 25ஆம் திகதி, கேரளக் கரைக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கியது. ஜூன் மாதத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் வெள்ளை மணிகள் ஒதுங்கின. அந்தக் கப்பலிலிருந்து வந்தவையாக இருக்கும் என்றார்கள்.

வெயில் ஏறிவிட்டது. லுஹருக்கு முன் வீடு சேர வேண்டும் என்று சாச்சி அவசரப்படுத்தினார். அரைக் கிலோ கட்டாக் கருவாடு நிறுக்கச் சொன்னேன். அக்கா நிறுத்துவிட்டு, மேலே இரண்டு துண்டை எடுத்துப் போட்டார். காசு கொடுக்கும்போது என் மகனைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அலைக்கோட்டுக்கு மேலே குந்திக்கொண்டு, தண்ணீர் குடித்து முடித்த போத்தலுக்குள் மணிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். கால்வாசி நிரம்பியிருந்தது.

"தம்பி, அத எனக்குத் தந்திட்டுப் போ" என்று அக்கா கூப்பிட்டார். அவன் ஓடி வந்து கொடுத்தான். அவர் மூடியை இறுக்கித் திருகி, கொட்டிலின் மூலையில் அதே போல நிறைந்திருந்த மற்றப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பைலை உறையில் போட்டு அதன் மேலே வைத்தார்.